அதிராவ் வேலைக்குக் குடும்பத்தோடு போகலாமா?

நண்பரே, கஜகஸ்தானின் அதிராவில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை, வாடகை உங்கள் பொறுப்பு, மனைவி குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்துப் போடும் முன் வேலையிடம் எது என்று பாருங்கள். 1945-ல் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்றால் ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் தெங்கிஸ் எண்ணெய் வயல் என்றால் பல மணி நேரப் பயணம், 28 நாள் வேலை 28 நாள் ஓய்வு என்கிற மாதிரிச் சுழற்சி, சாப்பாடு படுக்கை எல்லாம் முகாமிலேயே, அப்புறம் குடும்பத்தை அந்தக் குளிரில் தனியாக விடுவது வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்ச் சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட ஊர் அது. சுற்றிலும் உவர் நிலம், காய்கறி பெரும்பாலும் வெளியிலிருந்து வரவேண்டும், மாட்டிறைச்சியும் ரொட்டியும் எளிதில் கிடைக்கும். வாடகை பேசும்போது வெப்பமூட்டும் கட்டணம் அதில் சேர்ந்ததா என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.