பெஞ்ச் பிரஸ் 60 கிலோவில் நின்றுபோனால்
நண்பரே, பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) இரண்டு மாதமாக 60 கிலோவிலேயே நிற்கிறது, 65 போட்டால் மூன்றாவது ரெப்பில், அதாவது மூன்றாவது தடவை தள்ளும்போது, கம்பி நெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது என்கிறீர்கள். ஒரே தாவலில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றுகிறீர்கள், பெஞ்சுக்கு அது ரொம்ப அதிகம். உங்கள் ஜிம்மில் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட் இல்லையென்றால் 1.25 கிலோ ஜோடி ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு 60-லேயே மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்), ஐந்தைந்து ரெப்பில் ஆரம்பித்து, முடிந்தபோதெல்லாம் ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போய், மூன்று செட்டிலும் எட்டு வந்த பிறகுதான் 62.5. செட்டுக்கு நடுவே மூன்று நிமிடமாவது உட்காருங்கள். அப்புறம் சாப்பாடு: காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம் மட்டும் என்றால் புரதம் எங்கிருந்து வரும்? முட்டையோ சுண்டலோ தினமும் சேருங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் 65-ஐத் தொடவே வேண்டாம், தயவுசெய்து.