சட்டையைப் பிடித்தபோது கை எழவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒன்பது வருடமாகக் கராத்தே கற்கிறேன், பிளாக் பெல்ட். போன மாதம் வேளச்சேரியில் பைக் நிறுத்துமிடத்தில் வாய்த்தகராறு. ஒருவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கன்னத்தில் அறைந்துவிட்டான். கற்றது ஒன்றுமே வரவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்தான் விலக்கிவிட்டார். மாஸ்டரிடம் சொன்னால், "கட்டா (முன்பே வகுத்த அசைவுகளை வரிசையாகச் செய்யும் பயிற்சி) இன்னும் நிறையப் போடு, தானா வரும்" என்கிறார். நான் கோழையா? கராத்தேயை விட்டுவிடலாமா?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

நீங்கள் கோழை இல்லை. அறையைவிட அந்தக் கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். திடீர் ஆபத்தில் அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகும், விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஒத்துழைக்காது. சிலருக்கு உடல் உறைந்தும் போகும். அது உடலின் வேலை, உங்கள் குணத்தின் குறை அல்ல.

இன்னொன்றும் உண்டு. சட்டைப்பிடியிலிருந்து விடுபட உங்களுக்கு எத்தனை வழிகள் கற்றுத் தந்திருப்பார்கள்? தெரிவுகள் கூடக்கூட, எதிர்வினைக்கு ஆகும் நேரமும் கூடும் என்று உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952-இல் எழுதினார். ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றையே தேயத் தேயப் பழகுவது நல்லது.

உங்கள் மாஸ்டர் மேல் மரியாதையோடுதான் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டா நிலையைத் தரும், இடுப்பின் பலத்தைத் தரும். ஆனால் கட்டாவில் எதிரே ஆள் இல்லை. ஜோடிப் பயிற்சியிலும் எந்தக் கை வரும் என்பது முன்பே தெரியும். குத்தியவர் கையை நீட்டியபடி நமக்காகக் காத்திருப்பார். வேளச்சேரியில் அவன் காத்திருக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டான். அந்தத் தூரத்தையும் அந்தப் பேச்சையும் நீங்கள் வகுப்பில் ஒருநாளும் பழகியிருக்க மாட்டீர்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜிகோரோ கானோ. 1882-இல் ஜூடோவுக்காகக் கோடோகன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையின் ஆபத்தான அடிகளைக் கட்டாவுக்குள் வைத்துவிட்டு, திமிறுகிற ஆள்மேல் முழுப் பலத்தோடு செய்யக்கூடியவற்றை ராண்டோரி என்ற கட்டற்ற பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். அதனால் ஜூடோக்காரருக்கு, தன்னைத் தூக்கிப் போட நினைக்கும் ஒருவரோடு மல்லுக்கட்டுவது அன்றாட வேலையாகிவிட்டது. காற்றில் மட்டும் பழகிய பயங்கரமான அடியைவிட, எதிர்க்கிற ஆள்மேல் பழகிய சாதாரணப் பிடியைத்தான் நான் நம்புவேன்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் என்று வட சென்னை குத்துச்சண்டையை வளர்த்தது. அதில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குத்துகள்தான். ஆனால் அவற்றை, திருப்பிக் குத்துகிற ஆளிடம் பழகுகிறார்கள். முகத்தில் குத்து வாங்கியும் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கற்றவனுக்கு, ஒரு அறையோடு எல்லாம் மறந்துபோகாது.

ஆகவே கராத்தேயை விடாதீர்கள். மாஸ்டரிடம் சொல்லிவிட்டே, வாரம் இரண்டு மாலை குத்துச்சண்டையோ ஜூடோவோ பழகுங்கள். முதலில் பாதி பலத்தில், தெரிந்த நண்பரோடு. அப்புறம் அவரையே கத்தச் சொல்லுங்கள், தள்ளச் சொல்லுங்கள், எப்போது பிடிப்பார் என்று சொல்லாமல் சட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் பதில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இரு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, ஒரு காலைப் பின்வைத்து, "விடுங்க!" என்று உரக்கச் சொல்வது. பார்க்க எளிது, வியர்த்துப் படபடக்கும்போது செய்து பாருங்கள்.

தெருவில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. கீழே இருப்பது மெத்தை இல்லை, சிமெண்டுத் தரை. தள்ளிவிட்டதில் தலை மோதி உயிர் போகலாம். அப்புறம் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் காயப்படுத்த அதில் இடமில்லை. ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். விலகிப் போக வழி இருந்தால் போய்விடுங்கள், 112-ஐ அழையுங்கள்.

புது இடத்தில் சேர்வதற்கு முன், ஒருநாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்தவரை மூத்தவர்கள் தலையில் போட்டு அடிக்கிறார்களா, பலத்தைக் குறைத்துச் சொல்லித் தருகிறார்களா என்று கவனியுங்கள். தலையில் அடிக்கிற இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள். சேர்ந்தால், முதல் நாளே பல்லுக்குக் கவசம் (மவுத் கார்டு) வாங்கிவிடுங்கள்.