மஞ்சள் ஃபில்டர் போட்டும் வானம் வெளுத்துப்போவது குறித்து

கருப்பு வெள்ளை ஃபிலிமில் மலைக்குப் பின்னுள்ள நீல வானம் கருமையாக விழ வேண்டுமானால், மஞ்சளைக் கழற்றிவிட்டு லென்ஸின் முன் அடர் சிவப்பு ஃபில்டரைப் (நிறக் கண்ணாடி) பொருத்துங்கள். நீல ஒளியை ஃபிலிம் தாராளமாகப் பதிவு செய்கிறது. மஞ்சள் அதில் ஒரு பகுதியையே தடுக்கும்.

1927இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸும் முதலில் மஞ்சளையே பயன்படுத்தினார். தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று கருதி, எஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடி நெகட்டிவ் தகட்டை அடர் சிவப்பில் எடுத்தார். அவருடைய தொழில்வாழ்க்கையின் திருப்புமுனையாகப் பேசப்படுவது அந்தப் படமே.

வாங்குவதற்கு முன், சிவப்பு நிறக் கண்ணாடித்தாள் வழியாக வானத்தைப் பாருங்கள். அப்போதும் வெளிறியே தெரிந்தால் காரணம் மூடுபனியோ மெல்லிய மேகமோதான், சிவப்பும் உதவாது.

சிவப்புக்கு 3 முதல் 4 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இருமடங்காக்கும்) கூடுதல் ஒளி தேவைப்பட்டு, ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும் என்பதால் முக்காலி அவசியம். நிழல்களும் இலைகளும் கருத்துப்போகும் என்பதால், மரங்கள் நிறைந்த காட்சிக்கு ஆரஞ்சையே பரிந்துரைப்பேன்.