கொரியன் வெர்ப் டேபிளை மூடி வெச்சிட்டு தமிழைத் தொறங்க தம்பி

தம்பி, கொரியாவுல சுவோன் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஸ்கூல்ல ஹிந்தி படிச்சேன், காலேஜ்ல ஜெர்மன் ஏ2ங்கிற ரெண்டாவது நிலை வரைக்கும் போனேன், ரெண்டுலயும் டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணினா வேலை நடந்துச்சு, ஆனா கொரியன்ல ஒரே வெர்புக்கு நூத்துக்கணக்குல எண்டிங் இருக்கே, எந்த டேபிளைப் படிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. நான் கோபி பக்கம், ரெண்டு வருஷம் ஜெர்மனில இருந்துட்டு இங்க தேஜோன் வந்து 11 வருஷம் ஆகுது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மொதல்ல டேபிளை மூடி வைங்க. ஜெர்மன்ல டேபிள் எதுக்கு இருக்குன்னா நான் போறேன், நீ போற, அவன் போறான்னு ஆளுக்கு ஆள் வெர்ப் மாறும். ஹிந்தில ஆம்பளை பொம்பளை வேற சேர்ந்துக்கும். கொரியன்ல அது எதுவுமே கிடையாது. காயோன்னா போறேன், போறான், போறா, போறாங்க, போறோம் எல்லாமே அதுதான், யாருன்னு பேச்சுல இருந்து புரிஞ்சுக்கணும். இறந்த காலத்தையும் பாருங்க, நம்ம தமிழ்ல வா வந்தேன், போ போனேன், நில்லு நின்னேன், படி படிச்சேன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் ஓடும், இங்க காயோ கஸ்ஸொயோ ஆகும், சாப்பிடுறதுக்கான மொகொயோ மொகொஸ்ஸொயோ ஆகும், அவ்வளவுதான், அந்த ஸ்ஸ் மட்டும் உள்ள வந்தா முடிஞ்ச காலம். அதனால புது வெர்ப் எழுதி வெக்கும்போது டிக்‌ஷனரில இருக்கிற தா-ல முடியுற வடிவத்தை மட்டும் எழுதாதீங்க, பக்கத்துலயே யோ வடிவத்தையும் எழுதுங்க. மொக்தா, மொகொயோ. யோ வடிவம் தெரிஞ்சா பாதி எண்டிங் தன்னால வரும். தா-வை எடுத்துட்டு மிச்சம் இருக்கிற வெர்போட கடைசி உயிர் ஆ இல்ல ஓ-வா இருந்தா ஆ சேரும், மத்ததுக்கு அந்த ஒ மாதிரி சத்தம் சேரும், செய்யிறதுக்கான ஹாதா மட்டும் ஹேயோன்னு தனியாப் போகும்.

இப்ப அந்த நூத்துக்கணக்கான எண்டிங் விஷயத்துக்கு வர்றேன். முதல் ஆறு மாசம் நானும் அதை இங்கிலீஷ்ல அர்த்தம் போட்டுத்தான் படிச்சேன், ஒண்ணும் நிக்கல. ஒரு நாள் தேஜோன் ஜுங்காங் மார்க்கெட்ல வெங்காயத்தாள் பஜ்ஜி மாதிரி ஒண்ணு தட்டையா சுட்டுக்கிட்டு இருந்த பாட்டி ஒரு துண்டைக் கிள்ளி நீட்டி "மொகொ ப்வா"ன்னாங்க. மொகொன்னா சாப்பிட்டு, ப்வான்னா பாரு. சாப்பிட்டுப் பாரு! அப்படியே நின்னுட்டேன் தம்பி, ட்ரை பண்ணுங்கிறதை கண்ணால பாக்குற அதே வெர்பை ஒட்டிச் சொல்றாங்க, எங்க ஆத்தா தோசைக்கல்லு பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே. அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்து இங்கிலீஷ் அர்த்தம் எல்லாத்தையும் அடிச்சிட்டு தமிழ்ல எழுத ஆரம்பிச்சேன்.

மொக்கோ இஸ்ஸொயோ, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், கடைசில இருக்கிறது நம்ம 'இரு'வேதான். ஹே ஜுசேயோ, செஞ்சு குடுங்க, அதுல இருக்கிற ஜுதாவுக்கு குடுக்கறதுன்னுதான் அர்த்தம். மொகொ பொரியொஸ்ஸொயோ, சாப்பிட்டுட்டேன், நாம 'விடு' போடுற எடத்துல அவங்க தூக்கி எறியிறதுக்கான வெர்பைப் போடுறாங்க. காயா த்வேயோன்னு ஒண்ணு வரும், புத்தகத்துல கட்டாயம்னு மட்டும் போட்டிருக்கும், பிரிச்சுப் பாத்தா போனாத்தான் ஆகும், வார்த்தைக்கு வார்த்தை. மொகுமியொன்ஸொன்னா சாப்பிட்டுக்கிட்டே. காமியொன்னா போனா. ஓன்தாகோ ஹேஸ்ஸொயோன்னா வர்றேன்னு சொன்னாங்க, நம்ம 'ன்னு' நிக்கிற அதே எடத்துல அவங்க 'கோ' நிக்குது.

பெயரெச்சம்னு பத்தாவதுல படிச்சிருப்பீங்களே, அது இங்க காப்பாத்தும். ஒஜே ஓன் சாராம்னா நேத்து வந்த ஆளு. மொங்நுன் சாப்பிடுற, மொகுன் சாப்பிட்ட, மொகுல் சாப்பிடப்போற, பின்னாடி எந்தப் பேரையும் ஒட்டிக்கலாம். ஜெர்மன்ல இதைச் சொல்ல ஒரு ரிலேட்டிவ் ப்ரனவுன் தேடி, அதுக்கு கேஸ், அதாவது வேற்றுமை பாத்து, வெர்பைத் தூக்கிக் கடைசில வெச்சு ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும். என்னோட லேப்ல இருந்த ஐரோப்பியப் பசங்க இந்த எடத்துல மாசக்கணக்கா மாட்டிக்கிட்டாங்க, நமக்கு இது பொறந்ததுல இருந்து வாயில இருக்கு.

மரியாதை விஷயத்துல ரெண்டு தனித்தனி சாமான் இருக்கு, எல்லாரும் இதைத்தான் குழப்பிக்கிறாங்க. கேக்கிறவங்களுக்கு குடுக்கிற மரியாதை வாக்கியத்தோட கடைசில இருக்கு, யாரைப் பத்திப் பேசுறோமோ அவங்களுக்கான மரியாதை வெர்புக்கு உள்ள ஷி-ன்னு இருக்கு. ஃப்ரெண்டுகிட்ட "அம்மா வந்தாங்கடா"ன்னு சொல்றோம்ல, வந்தாங்க அம்மாவுக்கு, டா அவனுக்கு. கொரியன்லயும் அப்படியே, ஒமொனிகா ஓஷொஸ்ஸொ, ஷி சேர்ந்து அம்மாவுக்கு மரியாதை, யோ இல்லாததால எதிர்ல இருக்கிறவன் ஃப்ரெண்டு. அந்த யோ என்னன்னு எங்க ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கவே வேண்டாம், வர்றேனுங்க, இல்லீங்க, சரிங்கன்னு நாங்க கடைசில ஒட்டுற 'ங்க'தான் அது. கோயம்புத்தூர்ல பெரியவங்ககிட்ட ங்க விட்டுப் பேசினா எப்படிச் சுருக்குன்னு இருக்குமோ அப்படித்தான் இங்க யோ விட்டுப் பேசினா இருக்கும். லேப் மீட்டிங்ல பேசும்போது மட்டும் காம்நிதா, ஹம்நிதான்னு ம்நிதா போட்டுப் பேசுங்க, அது ஒரு படி விறைப்பு. ஷி-யை உங்களுக்கே போட்டுக்காதீங்க, நான் வந்தாங்கன்னு நாம சொல்ல மாட்டோம்ல.

ஒழுங்கில்லாம மாறுற வெர்புகளைப் பாத்து பயப்பட வேண்டாம், அதுக்கும் காது வெச்சா ஒரு நியாயம் இருக்கு. குளிருதுங்கிறதுக்கு சுப்தா, யோ போட்டா சுவொயோ, ப் போய் வ வந்துருச்சு. நாம கோபம்னு எழுதிட்டு கோவம்னு தானே சொல்றோம். காரமா இருக்குங்கிற மேப்தா மேவொயோ ஆகுறதும் அப்படித்தான். எல்லா ப்-பும் மாறாது, துணி போடுற இப்தா இபொயோன்னே நிக்கும், அதைத் தனியா குறிச்சு வெச்சுக்கோங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது கேக்கிறதுக்கான துத்தா, யோ போட்டா துரொயோ. மெய்யெழுத்து முன்னாடி த், உயிர் வந்தா ர். நம்ம கேட்க, கேட்டு, ஆனா கேளு, கேளுங்க, அங்க ட் ள் மாறுதில்ல, அதே அர்த்தம் உள்ள வெர்ப்ல அதே எடத்துல! தற்செயல்தான், ஆனா ஒரு தடவை பாத்தா மறக்காது. அந்த துத்தால வர்ற உகரத்தை 'அது'ன்னு சொல்லும்போது கடைசில உதடு குவியாம வர்ற உ மாதிரி சொல்லுங்க, கொரியன்காரங்க திரும்பிப் பாப்பாங்க.

இவ்வளவு ஒத்துப்போறதால கொரியன் தமிழ்ல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்றவங்க பின்னாடி போயிடாதீங்க. ஹோமர் ஹல்பர்ட்ங்கிற அமெரிக்கர் 1905லயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார், ஆனா ரெண்டும் ஒரே குடும்பம்ங்கிறதை இன்னைக்கு மொழியியல்காரங்க ஏத்துக்கிறதில்ல. ஜப்பானீஸ், துருக்கி, மங்கோலியன் எல்லாமே வெர்பைக் கடைசில வெச்சு வால் ஒட்டுற மொழிங்கதான். உறவு இல்லாட்டி என்ன, நமக்குப் படிக்க உதவுது, அது போதும்.

தமிழ் காலை வாருற எடம் ஒண்ணு இருக்கு, அதைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். வந்த முதல் வருஷம் வேக்யூம் பம்ப் கெட்டுப்போயி ரீடிங் எடுக்க முடியல. லேப்ல மூத்தவர் வந்து டேட்டா எடுத்தாச்சான்னு கேட்டார், எடுக்கலன்னு சொல்றதா நெனச்சு "அன் ஹேஸ்ஸொயோ"ன்னேன். அவர் மூஞ்சி சட்டுன்னு மாறிருச்சு, ரெண்டு நாள் சரியாவே பேசல. அன் போட்டா நானா செய்யாம விட்டேன்னு ஆயிடும், செய்ய முடியாமப் போச்சுன்னா "மோத் தேஸ்ஸொயோ"ன்னு மோத் போடணும். தமிழ்ல எடுக்கலன்னா ரெண்டுக்கும் போதும், காரணத்தை அடுத்த வாக்கியத்துல சொல்லிக்கலாம், இங்க அந்த ஒரு அசையிலேயே நீங்க பொறுப்பில்லாதவரா இல்ல மாட்டிக்கிட்டவரான்னு முடிவாயிடுது. ப்ரொஃபசர்கிட்ட வேலை முடியலன்னு சொல்லப்போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு மோத் மோத்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போங்க, தப்பில்ல.

கிளாஸ் வேணும்னா அரசாங்கம் நடத்துற சமூக ஒருங்கிணைப்புப் படிப்புல சேருங்க, 0ல இருந்து 5 வரைக்கும் நிலை இருக்கு, பின்னாடி விசா மாத்தும்போதும் உதவும். டாபிக்ங்கிற கொரியன் மொழிப் பரீட்சையை முதல் வருஷமே போட்டு மண்டையைக் குழப்பிக்க வேண்டாம்.

நாளைக்கு லேப்ல யாராவது உங்களைப் பாத்து "பாப் மொகொஸ்ஸொயோ?"ன்னு கேப்பாங்க. சாப்டீங்களாதான், நம்ம ஊர் மாதிரியே சும்மா நலம் விசாரிக்கிறது. "நே, மொகொஸ்ஸொயோ"ன்னு சொல்லிட்டு அவங்களையும் திருப்பிக் கேளுங்க, பெரியவங்களா இருந்தா மொகொஸ்ஸொயோ வேண்டாம், "ஷிக்ஸா ஹாஷொஸ்ஸொயோ?"ன்னு கேளுங்க, ஷி எங்க உக்காந்திருக்குன்னு பாத்துக்கோங்க.