பத்திரத்தை வச்சு படிக்க வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க நத்தம் பக்கம். பொண்ணு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சிருக்கா, கணக்குல 96. சென்னை மாநிலக் கல்லூரியில பிஎஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சீட் கிடைச்சிருக்கு. ஆனா அவ ஒரு தனியார் யுனிவர்சிட்டியில பிஎஸ்சி டேட்டா சயின்ஸ்தான் சேருவேங்குறா, ஹாஸ்டலோட சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம். புரோஷர்ல 'சராசரி சம்பளம் 4.5 லட்சம்'னு இருக்கறதை பேனாவால வட்டம் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. 9 லட்சம் லோனுக்கு பேங்க்ல வீட்டுப் பத்திரம் கேக்குறாங்க. குடுத்துடலாமா சார்?

பதில்: வேண்டாம்மா, குடுக்காதீங்க. நான் பேங்க்ல லோன் சீட்லயே பல வருஷம் உக்காந்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு 3 லட்சமா பேங்க் காலேஜுக்குக் கட்டும். படிக்கிற 3 வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம், ஈஎம்ஐ கிடையாது, ஆனா வட்டி மட்டும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். 10 சதவீதம்னு வச்சாலும் அந்த 4 வருஷத்துல 2 லட்சத்து 70 ஆயிரம் ஏறிடும், கடன் 11 லட்சத்து 70 ஆயிரத்துல வந்து நிக்கும். 10 வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 15,460 ரூபா. பொண்ணுக்கு முதல் வேலை பெங்களூர்ல 25 ஆயிரத்துக்குக் கிடைக்குதுன்னு வைங்க, ஈஎம்ஐ போக கையில ஒன்பதாயிரத்துச் சொச்சம், அதுல பிஜி வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும் பாக்கணும். ரெண்டு மாசம் வேலை இல்லாம இருந்தா நோட்டீஸ் நத்தத்துக்குத்தான் வரும், அடமானம் வச்ச வீடு அங்கதானே இருக்கு.

இப்போ அந்த வட்டம் போட்ட நம்பருக்கு வரேன். 10 பசங்க வேலைக்குப் போறாங்க, ஒருத்தனுக்கு வருஷத்துக்கு 18 லட்சம், மீதி 9 பேருக்கும் ஆளுக்கு 3 லட்சம்னா சராசரி எவ்வளவு? 4.5 லட்சம்! அதுல பொய் ஒண்ணும் இல்லை, ஆனா அந்த 10 பேர்ல ஒருத்தர்கூட 4.5 வாங்கலை. வரிசையா நிக்க வச்சு நடுவுல இருக்கறவன் வாங்குறதைப் பாத்தா 3 லட்சம், அதுக்குப் பேரு மீடியன், உங்க பொண்ணு முதல் செமஸ்டர்லயே இதைப் படிச்சிடுவா. அந்த யுனிவர்சிட்டிக்கு அவளையே போன் பண்ணச் சொல்லுங்க. பிஎஸ்சி டேட்டா சயின்ஸ்ல மட்டும் மீடியன் சம்பளம் என்ன, பிடெக் பசங்களையும் சேத்துச் சொல்றீங்களா, சேர்ந்தது எத்தனை பேரு, வேலை வாங்குனது எத்தனை பேருன்னு அவ கேக்கட்டும்.

மாநிலக் கல்லூரியில ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம்தான் வரும். ஆறாவதுல இருந்தே கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வரும். 'டேட்டா சயின்ஸ்'ங்குற பேருக்குத்தான் மார்க்கெட்னு அவ சொல்லுவா, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கோடிங் தெரியாம வெறும் தியரியோட வெளிய வந்தா கஷ்டம்தான். அதுக்கு ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன்ல நடத்துற பிஎஸ் டேட்டா சயின்ஸை இதோட சேர்த்தே படிக்கலாம், குடும்ப வருமானம் கம்மின்னா ஃபீஸ்ல சலுகை உண்டு. நல்ல லேப்டாப் ஒண்ணு வாங்கிக் குடுங்க, அதுக்கு செலவு பண்ணத் தயங்காதீங்க.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டிகிரிக்கு இன்னொரு பலம் இருக்கு. யுபிஎஸ்சி நடத்துற இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் சர்வீஸ் எழுத டிகிரியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பாடமா இருக்கணும், ஆரம்ப அடிப்படைச் சம்பளமே மாசம் 56,100. மத்திய அரசு வேலைக்கு டிகிரி முடிச்சவங்க எழுதுற எஸ்எஸ்சி சிஜிஎல் எக்ஸாம்ல ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிக்கல் ஆபீசர் போஸ்ட்டுக்கு 35,400. டேட்டா சயின்ஸ் சிலபஸ்ல ப்ராபபிலிட்டி, இன்ஃபெரன்ஸ், சாம்ப்ளிங்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸோட அடிப்படைப் பாடங்கள் எல்லாம் தனித்தனி பேப்பரா இருக்கான்னு பாருங்க, பல இடத்துல ஒரே பேப்பர்ல முடிச்சிடுறாங்க.

கடனே வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. மூணாவது வருஷம் அவ ஐஐடியில எம்எஸ்சி சேர்றதுக்கான ஜாம் எக்ஸாம் எழுதட்டும், மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு தனி பேப்பரே இருக்கு, கான்பூர், பாம்பே ஐஐடி மாதிரி இடத்துல எம்எஸ்சி கிடைச்சா அப்போ தாராளமா லோன் போடுங்க, 4 லட்சத்துக்குள்ளன்னா பத்திரமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். இந்தத் துறையில சம்பளம் ஏறுறது பெரும்பாலும் எம்எஸ்சிக்கு அப்புறம்தான். இப்பவே 9 லட்சம் கடன் தலையில இருந்தா, மேல படிக்கணும்னு ஆசை இருந்தும் கிடைச்ச வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். அப்படி ஓடுன பிள்ளைங்க எத்தனையோ பேரு என் மேஜைக்கு எதிர்ல உக்காந்து, ஈஎம்ஐயைக் குறைக்க முடியுமா சார்னு கேட்டிருக்காங்க.

மாநிலக் கல்லூரியில ஃபீஸ் கட்டக் கடைசி தேதி என்னன்னு இன்னைக்கே பாத்துடுங்கம்மா. யுனிவர்சிட்டியில இருந்து பதில் வர வரைக்கும் அந்த சீட்டை விட்டுடாதீங்க.