அரசவையை வைத்து எழுதப்பட்ட வரலாற்று நாவல்களை எப்படி ரசித்துப் படிப்பது?

சோழர் அரசவையில் நடக்கும் ஒரு நாவலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் அரண்மனை விருந்து நடக்கும் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். பெயர்கள் குழம்புகின்றன, எல்லாரும் எல்லாருக்கும் எதிராகச் சதி செய்கிறார்கள், யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை, போர் வந்தால்தான் பக்கம் நகர்கிறது, மற்றவர்கள் இதில் எதைத்தான் ரசிக்கிறார்கள் என்பது கேள்வி.

எனக்கும் பதினான்கு வயதில் இதே சிக்கல் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. இடையிடையே சில வாரங்கள் விட்டுப்போயிருக்கும். அந்த இடம் வந்ததும் ஆச்சி தன் வாயால் கதை சொல்லி நிரப்புவாள். வாள்சண்டை வரும் பக்கங்களை மட்டும் தேடிப் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிக்கொண்டே போவேன். ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டேன்: "அடுத்த ராஜா யாருங்கறதுக்கு ஏன் ஆச்சி இத்தன பேரு அடிச்சுக்கிடுதாவ? மகனுக்குக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "மகனுக்கா? இந்த ஊர்ல மகனுக்கு என்ன மக்ளே கிட்டும்? எல்லாம் மருமகனுக்குல்லா."

அன்றைக்கு அவள் சொன்னது எங்கள் குடும்பத்துக் கதை. மருமக்கள் வழி என்றால் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் முறை அதுதான். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் அதே முறை இருந்து, 1926-ல் சட்டம் வந்துதான் மாறியது. காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண், இறந்த மறுநாள் மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டில் என்ன உரிமையோடு நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி பேசுவதாக எழுதினாரே, அதில் அரசவையும் கிடையாது, யானையும் கிடையாது. ஆனால் ஒரு வாரிசுப் போரில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் அதில் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1729-க்கு வாருங்கள். பின்னாளில் திருவிதாங்கூரான வேணாட்டின் மன்னர் ராமவர்மா இறக்கிறார். முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு. ஆனால் மன்னருக்கு பப்புத் தம்பி, ராமன் தம்பி என்று வளர்ந்த மகன்கள் இருக்கிறார்கள். தகப்பனின் அரண்மனையில் வளர்ந்தவர்கள், தகப்பன் கண் மூடியதும் அதே அரண்மனைக்கு அந்நியர்கள். அவர்களுக்குப் பின்னால் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பலம் பொருந்திய பிரபுக்கள். ஆச்சி இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு முதல்முறையாகப் புரிந்தது, நான் தள்ளிவிட்டுப் போன பக்கங்களில்தான் கதையே இருந்தது என்று. அரசவை நாவல் ஒரு பெரிய வீட்டின் கதை. அந்த வீட்டில் யார் எந்தக் கதவு வரை போகலாம், யார் முன்னால் யார் உட்காரலாம், யார் சொன்னால் எஜமானர் காது கொடுப்பார், இதெல்லாம்தான் அங்கே சண்டைக்குக் காரணம். போர் அதன் கடைசிப் பகுதி மட்டுமே.

சரி, அந்த வீட்டை எப்படி மனதில் கட்டிக்கொள்வது? எனக்கு அதில் ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை இங்கேதான் அரசு நடந்தது. சினிமாவில் வரும் பளிங்கு மண்டபத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஓட்டுக்கூரை, மரத்தூண், தாழ்ந்த உத்தரம், ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போகும் இடைவழிகள். பெரிய தறவாட்டு வீடு, அதாவது பழைய கூட்டுக் குடும்ப வீடு மாதிரியேதான் இருக்கும்.

நாவல் படிக்கிறவர் அங்கே பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. முன்னால் பூமுகம். பார்க்க வந்தவர்களை வரவேற்கும் இடம், மேலே செதுக்கிய மரக்கூரை. பெரும்பாலானவர்களின் அரண்மனை அனுபவம் அந்த இடத்தோடு முடிந்திருக்கும். அங்கிருந்து குறுகலான மரப்படி ஏறினால் மந்திரசாலை, அதாவது மன்னர் ஆலோசனை நடத்திய அறை. பெரிய அறையென்று சொல்ல முடியாது. சன்னல்களில் வண்ண அபிரகத் தகடுகள், வெயில் உள்ளே வந்தாலும் மங்கலாகத்தான் வரும். எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் இன்னும் பலதும் சேர்த்துப் போட்ட கருந்தரை கண்ணாடி மாதிரி மினுங்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அந்த அறையில் யாரும் கத்திப் பேசியிருக்க முடியாது என்று அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது. நாவல்களில் அமைச்சர்கள் ஏன் சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டிருந்தேன். எதிரே இருப்பவர் நினைத்தால் தலை போகும், பக்கத்தில் இருப்பவர் நாளைக்கு எதிரியாகலாம், அப்படிப்பட்ட ஒரு சின்ன அறையில் பேச்சு வேறு எப்படி இருக்கும்?

அப்புறம் நவராத்திரி மண்டபம். ஆட்டமும் பாட்டும் நடந்த கல் மண்டபம் அது. ஒரு ஓரத்தில் மர அழி, அதாவது மரச்சட்டப் பின்னல், போட்ட மறைப்பு இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். அவர்களுக்குச் சபை முழுக்கத் தெரியும், சபைக்கு அவர்கள் முகம் தெரியாது. நான் அந்த அழிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அரசவை நாவல்களில் ராணிகளும் அத்தைமாரும் எப்படி எல்லாச் செய்தியும் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, ஒரு தச்சர் மரத்திலேயே பதில் செய்து வைத்திருக்கிறார். அதன் பிறகு எந்த நாவலைப் படித்தாலும் ஒரு காட்சியில் பேசாமல் இருப்பவர் யார் என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பேசுகிறவரைவிட அவர்தான் பெரும்பாலும் முக்கியமானவர்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது உப்பரிகை மாளிகை. மார்த்தாண்டவர்மா காலத்தில் கட்டியது, நான்கு நிலை. அடியில் கருவூலம். அதற்கு மேல் மன்னர் படுத்த அறை, மூலிகை மரங்களால் செய்த கட்டில் அங்கே கிடக்கிறது. அதற்கும் மேலே விரதக் காலங்களில் மன்னர் தங்கிய இடம். உச்சியில் பத்மநாபசுவாமிக்கென்று ஒதுக்கிய அறை, சுவர் முழுக்க ஓவியம், அணையாத விளக்கு. 1750 ஜனவரி 3-ல் மார்த்தாண்டவர்மா நாட்டையே திருப்படித்தானமாகப் பெருமாளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். பணம் கீழே, அதன்மேல் மன்னர், மன்னருக்கும் மேலே சாமி. எதிரிகளை அடக்கி நாட்டைச் சேர்த்தவர் அதைத் தனதென்று வைத்துக்கொள்ளவில்லை. இனி அந்த அரசை எதிர்ப்பவன் பெருமாளையே எதிர்ப்பவனாகிறான். பக்தியா, ராஜதந்திரமா? இரண்டும் ஒரே மனிதனுக்குள் உண்மையாகவே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். நல்ல அரசவை நாவல் இந்தக் கேள்வியை முடித்துவைக்காது, பக்கம் பக்கமாகத் திறந்தே வைத்திருக்கும். நான் அதைத்தான் மிகவும் ரசிக்கிறேன்.

"யார் பக்கம் நிற்பது" என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் அதைத் தள்ளிப்போடுவதுதான் சுகம். 1891-ல் சி.வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' நாவலில் இளவரசர்தான் நாயகர், தம்பிமாரும் பிள்ளைமாரும் அவரைக் கொல்லத் தேடுகிறவர்கள். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் அதே சண்டை 'தம்பிமார் கதை'யாக வரும். அங்கே நியாயம் தம்பிமார் பக்கம். அவர்களுடைய தங்கையை மார்த்தாண்டவர்மா கேட்டார், அண்ணன்மார் மறுத்தார்கள், பகை அங்கே மூண்டது என்று பாட்டு போகும். சின்ன வயதில் ஒரு கோயில் கொடை விழாவில் விடிய விடிய அதைக் கேட்டிருக்கிறேன். குடமும் உடுக்கும் ஓய்ந்து, தம்பிமார் சாகும் இடத்தைப் புலவர் இழுத்துப் பாடியபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இளவரசரைக் கொண்டாடி நாவலைப் படித்த நானும் அழுதேன். ஒரே வீட்டுச் சண்டை, இரண்டு வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்த்த மாதிரி. அதற்குப் பிறகு, வில்லனாக வருகிறவரின் தாய் இந்தக் கதையை எப்படிச் சொல்வாள் என்று யோசிக்காமல் நான் எந்த அரசவை நாவலையும் மூடி வைத்ததில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு வழி எளிது. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். புத்தகத்தின் கடைசி வெள்ளைத்தாளில் பென்சிலால் உறவை எழுதுங்கள்: இன்னாருக்கு மருமகன், இன்னாரால் வளர்ந்தவன், இன்னாரிடம் கடன்பட்டவன். பதவிப் பெயர்களையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் என்றால் தளவாய் தலைமை அமைச்சர், ராயசம் எழுத்து வேலை பார்ப்பவர். பதவி தெரிந்தால் ஆள் தானாக நினைவில் நிற்பார். ராமய்யனைப் பாருங்கள். அரண்மனையில் சிறு வேலையில் நுழைந்து, ராயசமாகி, 1737-ல் தளவாயானவர். அந்த மூன்று சொல்லுக்குள் ஒரு முழு நாவல் இருக்கிறது.

கதை எது, வரலாறு எது என்று பக்கத்துக்குப் பக்கம் செல்போனில் தேடாதீர்கள். முடித்த பிறகு தேடுங்கள். அப்போது சில இடங்களில் வரலாறு நாவலையும் மிஞ்சும். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் டச்சுப் படை தோற்றது. சிறைபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரி இருந்தார். அவரை மன்னர் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்று பெயர் வாங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டுக்கே உழைத்து, 1777-ல் இறந்தார். அரண்மனைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டியிருக்கிறது. தோற்றவனை நம்பி வாளைக் கையில் கொடுத்த அந்த முதல் நாளில், மந்திரசாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? வரலாற்று நூல் அந்த இடத்தில் ஒரு வரியோடு நகர்ந்துவிடும். நாவலாசிரியருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இனி நீங்கள் நிறுத்திய விருந்து அத்தியாயம். பத்மநாபபுரத்தில் ஊட்டுப்புரை என்று நீளமான இரண்டு அடுக்குக் கூடம் உண்டு. ஒரு தளத்தில் ஆயிரம் பேர் இலை போட்டு உட்காரலாம் என்பார்கள். ஊறுகாய் வைத்த பெரிய பரணிகள் இன்னும் இருக்கின்றன. ஆச்சியை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். அவள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "தலவாழ இலை எங்க விழும் மக்ளே, மொத எங்க வெளம்புவாவ?" என்று மட்டும் கேட்டாள். கல்யாண வீட்டுப் பந்தியில் யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்களை அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். புத்தகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த விருந்துக் காட்சியிலேயே திறந்து, முதல் இலை யாருக்கு, மன்னருக்குப் பக்கத்தில் யார், வரவேண்டியவர்களில் வராமல் போனது யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டு படியுங்கள்.