சக்கரம் இருந்தும் ட்ரெய்லர் வீட்டை ஏன் யாரும் நகர்த்துவதில்லை? அதில் குடியிருப்பது கேவலமா?

கேள்வியைப் பார்த்தால், அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, குறைந்த வாடகையில் ட்ரெய்லர் (தொழிற்சாலையில் செய்து, சக்கரத்தில் இழுத்து வந்து வைக்கிற வீடு) கிடைத்தும் ஊரில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவர் போலத் தெரிகிறது. நான் ஒஹையோவில் அப்படியொரு வீட்டில் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன். 1972இல் செய்தது, 12 அடி அகலம், 60 அடி நீளம். வெட்கப்படவில்லை என்றால் அது பொய். திருச்சியில் இருக்கும் அத்தையிடம் "தனி வீடு" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் குளிர்காலத்திலேயே தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டடியை மறைத்திருந்த தகட்டைக் கழற்றிவிட்டு, ஹேர் டிரையரும் கையுமாகத் தவழ்ந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். டார்ச் வெளிச்சத்தில், வீட்டின் நீளத்துக்கு இரண்டு இரும்பு உத்தரங்கள். அவற்றின் அடியில் துருப்பிடித்த அச்சு. டயரைக் காணோம். காங்கிரீட் கட்டைகளின் மேல் வீடு உட்கார்ந்திருந்தது. "இது ஒரே ஒரு தடவைதான் பயணம் போயிருக்கிறது, தொழிற்சாலையிலிருந்து இங்கே" என்றார்.

முதல் கேள்விக்கு அதுதான் பதில். 1930களில் ட்ரெய்லர் என்றால் காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வீடு போதாமல், அரசாங்கமே பல்லாயிரம் ட்ரெய்லர்களை வாங்கியது. போர் முடிந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. பலர் அதிலேயே தங்கிவிட்டார்கள். ஆனால் சாலை விதிப்படி அகலம் 8 அடிதான். கடைசி அறைக்குப் போக மற்ற அறைகளுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். 1954இல் விஸ்கான்சினைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே 10 அடி அகலத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் இரண்டே அடி. ஓரமாக நடைவழி விட இடம் கிடைத்தது, படுக்கையறைக்குக் கதவு வந்தது. அதோடு சொந்தக் காரில் கட்டி இழுக்கிற காலமும் போயிற்று. லாரியும் தனி அனுமதியும் இல்லாமல் அசைக்க முடியாது.

"அதெல்லாம் பாதுகாப்பில்லாத தகரப் பெட்டி" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 1976 ஜூன் 15 முதல் இதற்கென்று மத்திய அரசின் கட்டுமான விதி இருக்கிறது. 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு காற்றைத் தாங்கும் விதியையும் இறுக்கினார்கள். என் வீடு இதற்கெல்லாம் முந்தியது; பலத்த காற்றடித்தால் பயந்துகொண்டுதான் படுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வம்சத்தில் வந்த ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிறச் சுற்றுலா ட்ரெய்லரை யாராவது ஏளனம் செய்கிறார்களா? 1969இல் நிலவிலிருந்து திரும்பியவர்களையே மாற்றியமைத்த ஏர்ஸ்ட்ரீமுக்குள்தான் தனிமைப்படுத்தி வைத்தார்கள்.

கேவலம் என்றால், சென்னையில் நான் வீடு தேடிய கதையைச் சொல்ல வேண்டும். பத்து மாத வாடகை முன்பணம், "கறி சமைப்பீர்களா?" என்று ஒரு கேள்வி, "சொந்த ஊரில் எந்தத் தெரு?" என்று சாதியைத் தோண்ட இன்னொரு கேள்வி. ட்ரெய்லர்காரர் கேட்டது சம்பளச் சீட்டு மட்டுமே.

ஆனால் விலைக்கு வாங்குவதாக இருந்தால் நிலம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பெரியவர் வீட்டுக்கு முழுப் பணமும் கொடுத்தவர்; அது நின்ற நிலம் மட்டும் வாடகை. நிலத்தை வாங்கிய கம்பெனி மனை வாடகையை ஒரே ஆண்டில் இரண்டு முறை ஏற்றியது. வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். அவ்வளவு பழைய வீட்டைச் சேர்த்துக்கொள்ள வேறு இடமும் அகப்படவில்லை. அப்படியே விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.

வாடகைக்குத்தான் என்றால் தாராளமாகப் போங்கள். நவம்பருக்கு முன்னால், குழாயில் வெப்ப நாடா (உறையாமல் இருக்க மின்சாரத்தில் சூடாகும் நாடா) சுற்றியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துவிடுங்கள்.